டர்போ எஞ்சினில் மாறும் வால்வு நேரம்

டர்போசார்ஜர் என்பது எஞ்சினின் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி உருளைக்குள் செலுத்தும் கருவி. குறைந்த வேகத்தில் புகை போதாமல் அது சுணங்கும். பெட்ரோல் எஞ்சின்களில் இக்குறையைத் தணிப்பது மாறும் வால்வு நேர அமைப்பு.

உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் சிறு இடைவேளையில்தான் சூட்சுமம் உள்ளது. குறைந்த சுழற்சியில் உட்காற்றின் அழுத்தம் வெளிவழி அழுத்தத்தை விஞ்சும்போது இந்த இடைவேளையை நீட்டினால், புதுக்காற்று எஞ்சிய சூடான புகையைத் தள்ளிக்கொண்டு போய் டர்போவையும் வேகமாகச் சுழற்றும். வெளிவால்வு மூடியபின் பெட்ரோலை நேரடியாக உருளைக்குள் பீய்ச்சுவதால் எரிபொருள் வீணாகாது. உயர் சுழற்சியில் நிலைமை தலைகீழ். வெளிவழி அழுத்தம் மிகுந்து புகை உள்ளே திரும்பும், நாக்கிங் வரும். எனவே இடைவேளையைச் சுருக்க வேண்டும். நிலையான கேம் தண்டால் இரண்டும் முடியாது.

மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் (2013) காரின் 999 சிசி ஈக்கோபூஸ்ட் எஞ்சின், 1,400 சுற்றிலேயே 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது இவ்வாறுதான். ஸ்ரீபெரும்புதூரின் ஹூண்டாய் வென்யூ (2019) டர்போவும் இதே வகை. ஓசூர், காவேரிப்பட்டினம் வழியே ஓடும் டீசல் லாரிகளில் டர்போ உண்டு, இவ்வமைப்பு அரிது.

கேம் தண்டின் கோணத்தை மாற்றுவது பெரும்பாலும் எண்ணெய் அழுத்தமே. டர்போவின் தாங்கிகளைக் காப்பதும் அதே எண்ணெய். எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் இரண்டும் கெடும். தொப்பூர் மலைப்பாதையில் ஏறி நின்றவுடன் எஞ்சினை அணைக்காமல், ஓரிரு நிமிடம் ஓடவிடுவது நல்லது.