சொறிந்த இடத்தில் வெள்ளை

முழங்கை மடிப்பில் பல வருடமாகக் கரப்பான். சொறிந்து சொறிந்து தோல் தடித்துவிட்டது. ஒரு நாள் அதன் ஓரத்தில் பால்வெள்ளையாக ஒரு திட்டு. மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். மீனும் தயிரும் பாவம். காரணம் நம் நோய் எதிர்ப்பு மண்டலம்.

கரப்பான் எனும் எக்ஸிமாவில் தோலின் வேலி பலவீனமாகிறது. ஈரம் வெளியேறுகிறது, தூசியும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. அவற்றைக் கண்டு மிரளும், நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த ஒருவகை டி செல்கள் இன்டர்லூக்கின் 4, 13 ஆகிய புரதங்களைச் சுரக்கின்றன. வீக்கமும் அரிப்பும் அதன் விளைவு.

பால்வெள்ளைத் திட்டு உண்டாக்கும் வெண்புள்ளி நோயில் களம் வேறு. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களையே சிடி8 எனும் டி செல்கள் எதிரி என நினைத்துக் கொல்கின்றன. அவை வெளியிடும் இன்டர்ஃபெரான் காமா, சுற்றியுள்ள தோல் செல்களை உசுப்புகிறது. அந்தத் தோல் செல்கள் இன்னும் பல டி செல்களைக் கூவி அழைக்கின்றன. திட்டு விரிகிறது.

இந்த இரண்டு படைகளும் பொதுவாக ஒன்றையொன்று அடக்குபவை. ஆனாலும் கரப்பான் உள்ளவர்களிடம் வெண்புள்ளி மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்படுகிறது. இதற்கு ஒரு காரணம் நகமாக இருக்கலாம். காயம்பட்ட இடத்தில் புதிய திட்டு முளைப்பதற்குக் கோப்னர் விளைவு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் சோரியாசிஸ் நோயாளிகளிடம் இதை முதலில் விவரித்தவர் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர். ஓயாமல் சொறிவதும் காயம்தான்.

இரண்டு படைகளின் கட்டளையும் செல்லுக்குள் இறங்கும் வழியில் ஒரே வாசல் இருக்கிறது: ஜேக் எனும் நொதிகள். இருமுகம் கொண்ட ரோமானியக் கடவுள் ஜேனஸின் பெயர் இவற்றுக்கு. இந்த வாசலை மூடும் ரக்ஸோலிடினிப் களிம்புக்கு அமெரிக்காவில் எக்ஸிமாவுக்கு 2021இலும் வெண்புள்ளிக்கு 2022இலும் அனுமதி கிடைத்தது. நிறம் திரும்பும்போது பெரும்பாலும் முடிக்கால்களைச் சுற்றிச் சிறு புள்ளிகளாகத் தொடங்கும். மெலனோசைட்டுகளின் சேமிப்பு அங்கேதான். ஆனால் பழைய பகையை மறக்காத டி செல்கள் சில தோலிலேயே தங்கிவிடுவதால், மருந்தை நிறுத்தினால் அதே இடம் மீண்டும் வெளுக்கலாம்.

வெள்ளையெல்லாம் வெண்புள்ளி அல்ல. கரப்பான் ஆறிய தடமும் சில மாதம் வெளிறியிருக்கும். புற ஊதா ஒளி தரும் வுட்ஸ் விளக்கைக் காட்டினால் இவ்விரண்டில் வெண்புள்ளி மட்டும் நீலம் கலந்த வெண்மையாய்ப் பளிச்சிடும். தோல் மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்லும்வரை வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: அரிப்பை அடக்குவது.