ஊசி யார் கையில்?

கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய கையோடு அழகு நிலையத்திலும் ஒரு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அங்கே தரும் ‘பிரைடல் பேக்கேஜ்’ அட்டையில் மேல் வரிகளில் த்ரெடிங், பிளீச், ஃபேஷியல் என்று இருக்கும். கீழே போகப் போக கெமிக்கல் பீல், லேசர், பி.ஆர்.பி., குளுட்டாதயோன் டிரிப், லிப் ஃபில்லர். ஏறுவது கட்டணம் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த அட்டையின் நடுவில் எங்கோ ஒப்பனை முடிந்து மருத்துவம் தொடங்கிவிடுகிறது; அதை மட்டும் யாரும் அச்சடிப்பதில்லை.

எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தோலைத் துளைக்கும் ஊசி, தோலைச் சுடும் லேசர், தோலை உரிக்கும் வீரியமுள்ள அமிலம், மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. இவற்றில் ஒன்று உள்ளே வந்தாலும் அது மருத்துவம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-ன் 34-வது பிரிவின்படி, பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புருவம் திருத்துவதில் இருபது வருட அனுபவம் உள்ள அக்காவின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கையில் நூல் இருக்கும்வரை பிரச்சினையில்லை. சிரிஞ்சை எடுத்தால்தான் பிரச்சினை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கி நகரில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பா இருந்தது. வருகிறவரின் ரத்தத்தையே எடுத்து, சுழற்றிப் பிரித்து, முகத்தில் நுண்ணூசிகளால் ஏற்றும் ‘வாம்பயர் ஃபேஷியல்’ அங்கே பிரபலம். நம்மூரில் பி.ஆர்.பி. என்று விற்பது இதைத்தான். 2018-ல் அதிகாரிகள் உள்ளே போனபோது, சமையலறை மேடையில் பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் நின்றன. குளிர்பதனப் பெட்டியில் சாப்பாட்டுப் பொருட்களோடு ரத்தமும் போடாக்ஸும் இருந்தன. உறை பிரித்த சிரிஞ்சுகள் இழுப்பறையில் கிடந்தன. அங்கே ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அழகுக்காகப் போட்ட ஊசி வழியே எச்.ஐ.வி. பரவியதாகப் பதிவான முதல் சம்பவம் இது என்று அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2024-ல் அறிக்கை வெளியிட்டது. வந்தவர்களில் யாரும் அந்தச் சமையலறையை எட்டிப் பார்த்திருக்கப்போவதில்லை. வரவேற்பறை எல்லா இடத்திலும் பளபளப்பாகத்தான் இருக்கும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த இடத்துக்கு இருந்தது அழகு நிலைய உரிமம் மட்டுமே என்று அப்போது செய்திகள் வந்தன. மருத்துவம் படிக்கிறவருக்கே இந்தக் கதி. ஆகவே செய்கிறவரின் பட்டத்தைக் கேட்டால் மட்டும் போதாது, செய்கிற இடத்தையும் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் சிகிச்சை தரும் எந்த இடமும் 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி பட்டம். வெள்ளைக் கோட்டையும் ‘டாக்டர்’ பட்டத்தையும் பார்த்ததும் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’, ‘ஈஸ்தட்டிக் எக்ஸ்பர்ட்’ என்பவை மருத்துவ ஆணையம் அங்கீகரித்த சிறப்புத் துறைகள் அல்ல. சில வாரப் பயிற்சி முடித்தவரும் போட்டுக்கொள்ளலாம், எம்.டி. முடித்தவரும் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் தேட வேண்டியது தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டிப்ளமோ (பலகையில் ‘டி.வி.எல்.’ என்ற எழுத்துகள் இருக்கும்), அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். ‘யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்றது போதாது’ என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் முடி நடவு, அழகு சிகிச்சைகள் பற்றிய வழிகாட்டுதலில் எழுதும் நிலை வந்தது என்றால், யார் யார் எப்படிக் கற்றுக்கொண்டு தொழில் செய்கிறார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பதிவு எண்ணைச் சரிபார்ப்பது எளிது. 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி மருத்துவர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச்சீட்டிலும், பண ரசீதிலும் போட வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் அல்லது தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் தட்டினால் பெயரும் படிப்பும் வரும். வரவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். எண் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: “எனக்கு இதைச் செய்யப்போவது நீங்கள்தானா?” பலகையில் ஒருவர் பெயர், உள்ளே ஊசி பிடிப்பது மூன்று மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த பெண் என்பது பல சங்கிலி நிறுவனங்களில் சாதாரணம். மருத்துவர் மாதம் இரண்டு முறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

இனி மருந்து. முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் பொடியாக, சிறு குப்பியில், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கப்படும் மருந்து. உப்பு நீரில் கரைத்து ‘யூனிட்’ கணக்கில் போடுவார்கள். மூன்று நான்கு மாதத்தில் அதன் விளைவு தேய்ந்துவிடும். எத்தனை யூனிட் என்று முன்பே கேளுங்கள். குப்பியை உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். நிறுவனப் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போலி போடாக்ஸ் போட்டு, பார்வை இரட்டையாகி, விழுங்க முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பற்றி 2024-ல் அமெரிக்க அரசே எச்சரித்தது. படம் எடுக்க வேண்டாம் என்று ஒரு கிளினிக் சொன்னால், அந்தக் குப்பியைப் பற்றி உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது.

உதட்டையும் கன்னத்தையும் எடுப்பாக்க ஊசியால் நிரப்பும் ஃபில்லர் இன்னும் கவனம் வேண்டியது. அது தவறி ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் அந்த இடத்துத் தோல் செத்துவிடும். மூக்கிலும் புருவ நடுவிலும் போடும்போது கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டுப் பார்வையே போனவர்கள் உண்டு. கைதேர்ந்தவருக்கும் இது நேரலாம். வித்தியாசம் அடுத்த சில நிமிடங்களில் தெரியும். ஹயலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. “அது இப்போது இங்கே இருக்கிறதா?” என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள். “நம்மகிட்ட அப்படியெல்லாம் ஆனதே இல்லம்மா” என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று நிதானமாகச் சொல்கிறவரைத்தான் நான் நம்புவேன்.

லேசருக்கும் பீலுக்கும் நம் நிறமே ஒரு நிபந்தனை. மாநிறத் தோலில் மெலனின் அதிகம். வெளிர்நிறத் தோலுக்கு வைத்த அளவை அப்படியே வைத்தால் தீப்புண்ணும், அது ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கருமையும் மிஞ்சும். நல்ல மருத்துவர் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பார், கண்ணுக்குக் கவசம் போடுவார், வெயிலில் கறுத்துவிட்டு வந்திருந்தால் தள்ளிப்போடச் சொல்வார். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு பீல் செய்ய ஒத்துக்கொள்கிறவர் உங்கள் தோலை நினைத்து ஒத்துக்கொள்ளவில்லை.

நிறம் வெளுக்க என்று விற்பதுதான் இதில் மகா மோசடி. பார்லரில் பெயரில்லாத டப்பாவில் தரும் கிரீமில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் சிவந்து, எரிந்து, பருவும் ரோமமும் கிளம்பும். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளை 2018-ல் மத்திய அரசு மருந்துச்சீட்டுக் கட்டாயம் ஆக்கியது இதனால்தான். பாதரசம் கலந்த கிரீம்கள் இன்னொரு ரகம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் போய் வந்த நோயாளிகளில் ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக பாதிப்பு இருந்த 15 பேரை அங்குள்ள மருத்துவர்கள் விசாரித்தபோது, 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் வேலை செய்திருக்கிறது. குளுட்டாதயோன் டிரிப்பைப் பொறுத்தவரை, தோல் வெளுப்பதற்கென்று இந்தியாவில் அதற்கு ஒப்புதல் கிடையாது. யார் போட்டாலும் வேண்டாம்.

நீங்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, உதட்டில் அக்கி வருமா, கர்ப்பமா, தசைப் பலவீன நோய் இருக்கிறதா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா? இவற்றைக் கேட்காமலே தேதி குறிப்பவர் மருத்துவராகவே இருந்தாலும் தவிர்க்க வேண்டியவர். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்று விளக்கிய பிறகு பெறுவதுதான் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோஹ்லி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ‘இன்றைக்கு மட்டும் பாதி விலை’, ‘தவணை வசதி’ என்று அவசரப்படுத்துகிற இடத்தில் இதற்கெல்லாம் நேரம் தரமாட்டார்கள்.

தவறாகிவிட்டால்? ஃபில்லர் போட்ட இடம் வெளிறினாலோ, வலை போல நீலம் பாய்ந்தாலோ, பார்வை மங்கினாலோ, போடாக்ஸுக்குப் பிறகு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, போட்டவரிடம் போனில் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும் வழியில் அவரை அழைத்து, எந்த மருந்து, எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல் தேறியதும் காகிதங்களைச் சேருங்கள். நாள்தோறும் முகத்தைப் படம் எடுங்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். பதிவு பெற்ற மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மருத்துவர் மீதான புகார் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு. பதிவே இல்லாதவர் என்றால் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் காவல் நிலையத்துக்கும். முகத்தை நிரந்தரமாக விகாரப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவில் கொடுங்காயம். ‘சின்ன அலர்ஜி’ என்று காவல் நிலையத்தில் தட்டிக்கழித்தால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். மருந்தால் வந்த பக்கவிளைவு என்றால் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம்.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்த விஷயம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. வழி தெரியாவிட்டால் 1915-க்குப் போன் செய்யுங்கள். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சொல்லி ரசீது தராத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்; நாளைக்கு ஆணையத்தின் முன்னால் நீங்கள் அங்கே போனீர்கள் என்பதற்கே அந்த ரசீதுதான் முதல் சாட்சி.