மலைப்பள்ளி ஆய்வகத்தில் வேதிப்பொருள் பாதுகாப்பு

சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் முதலில் கவனிக்க வேண்டியது மூடுபனிதான். ஈரக்காற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் நீரை உறிஞ்சிக் கசியும். கால்சியம் கார்பைடு எளிதில் தீப்பற்றும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். ஆகவே இவற்றைக் காற்றுப் புகாத கலன்களில் வைக்கிறோம். சோடியத் துண்டுகள் மண்ணெண்ணெயில் முழுமையாக மூழ்கியுள்ளனவா என்று வாரந்தோறும் பார்க்கிறேன். சோடியம் தீப்பற்றினால் நீர் ஊற்றக்கூடாது. அதற்காக உலர்ந்த மணல் வாளி அருகிலேயே இருக்கிறது.

ஈரத்தில் மை கரைந்து பெயர்ச்சீட்டு அழியும். பென்சிலால் எழுதி, மேலே ஒளிபுகும் ஒட்டுநாடா ஒட்டினால் நிலைக்கும். பெயரில்லாத புட்டியை முகர்ந்து அடையாளம் காண முயலக்கூடாது.

புட்டிகளை அகரவரிசையில் அடுக்கினால் சேரக்கூடாதவை அருகருகே வந்துவிடும். அடர் நைட்ரிக் அமிலமும் எத்தனாலும் கலந்தால் வெடிக்கவும் கூடும். அமிலங்களைக் கீழ்த்தட்டிலும், காரங்களை வேறு தட்டிலும், எரியும் திரவங்களைத் தனி அலமாரியிலும் வைப்போம்.

இங்கிருந்து சேலத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்ல 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். எனவே முதலுதவி நம் கையில்தான் உள்ளது. கண்ணில் அமிலம் தெறித்தால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிய பிறகே புறப்பட வேண்டும். செய்முறை வகுப்பைத் தொடங்குமுன் குழாயில் நீர் வருகிறதா என்று பாருங்கள்.