பிரம்பை எடுக்காதீர்கள்; பிள்ளையைக் கவனியுங்கள்!

ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான், கடிக்கிறான். அதே வகுப்பில் ஒரு பெண். வாயே திறப்பதில்லை. இன்னொரு பிள்ளை, பள்ளிக்கூடம் என்றாலே "வயிற்று வலி" என்று அழுகிறது.

பையனுக்கு அடி விழுகிறது. அழுகிற பிள்ளையைத் தரதரவென்று இழுத்துப் போகிறார்கள். பேசாத பெண்ணுக்கோ "சாது" என்று பெயர். அவளை யாரும் கவனிப்பதே இல்லை!

மூவர் மனத்திலும் ஏதோ சங்கடம் இருக்கலாம். அதைச் சொல்ல அந்த வயதில் வார்த்தை ஏது?

காரணம் என்ன என்று முதலில் பார்க்கவேண்டும். திருத்தணி அருகே உள்ள கே.ஜி.கண்டிகைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவில் இருந்த திருத்தணி, 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்றும் அங்கே தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ் என்றால் பிள்ளை சில காலம் மவுனமாக இருக்கும். அது நோய் அல்ல. வீட்டிலும் பேசவில்லை என்றால் கவனிக்கவேண்டும். காது கேட்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஆசிரியை தாயிடம் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் ரோசெஸ்டர் என்ற நகரம். அங்கே 1957-ம் ஆண்டில் எமரி கோவன் என்ற மனநூல் அறிஞர் ஒரு திட்டம் தொடங்கினார். சின்ன வகுப்பிலேயே சங்கடப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். பிறகு, சாதாரணக் குடும்பப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பள்ளியிலேயே அந்தப் பிள்ளைகளுடன் விளையாடினார்கள். பேச்சுக்குக் காது கொடுத்தார்கள். பிரம்பு செய்யாததை அன்பு செய்யும் என்பதே அதன் அடிப்படை.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டப்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். பணம் கிடையாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

தாய்மார்களே! அந்தக் குழு வரும் நாளை ஆசிரியையிடம் கேட்டு வையுங்கள். "என் பிள்ளை இப்படி இருக்கிறான்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் பிள்ளையை அடிக்கிறோமா? மனம் வாடினால் மட்டும் ஏன் அடிக்கவேண்டும்?