மாதிரி பார்த்து வாங்குவோம்!

ஜவ்வாது மலைச் சாமையானாலும் புளியானாலும், ஒரு பிடி எடுத்துப் பாராமல் நாம் விலை பேசுவதில்லை. ஆனால் கணிப்பொறியில் கணக்கு எழுதும் மென்பொருளை மட்டும், விற்பவர் சொல்லை நம்பியே வாங்கிவிடுகிறோம். கடைக்கு ஒத்துவராவிட்டால் போட்ட பணம் போனதுதான்.

நம்மில் பலர் அறிந்த 'டேலி' ஒரு வியாபாரியின் தேவையில் பிறந்தது. ஆலைகளுக்குச் சரக்கு அனுப்பிவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் நிறுவனம் தொடங்கினார்கள்.

இதைக் காசு கொடுக்காமலே பயிற்சி முறையில் ஓட்டிப் பார்க்கலாம். மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். அன்றாடக் கணக்குக்கு அது உதவாது. சோதித்துப் பார்க்கத் தாராளமாகப் போதும்.

பழைய பேரேட்டிலிருந்து ஒரு நாள் கணக்கை 1-ஆம் தேதியிட்டு ஏற்றுங்கள். மூட்டையில் வாங்கிக் கிலோவில் விற்ற புளியின் இருப்பு சரியாக வருகிறதா? ஜமுனாமரத்தூர் கடைக்காரரின் பாக்கி பில் வாரியாகத் தெரிகிறதா? கணக்குப்பிள்ளையையும் உடன் உட்கார வையுங்கள். நாளை அதில் உழைக்கப்போவது அவர்தான்.

இலவசம் என்று யாரோ தரும் திருட்டுப் பிரதி வேறு; அதை வாங்காதீர்கள். வைரஸ் புகுந்து கணக்கே அழிந்துபோனால், வரவேண்டிய நிலுவையை எதைக் காட்டிக் கேட்பது?

ஒரு பிடி பார்த்துத்தான் மூட்டை வாங்குகிறோம். இதற்கும் அதே வழக்கம் இருக்கட்டும்!