கிள்ளான் பள்ளத்தாக்கில் காரமில்லா வெங்காயம்

வெங்காயத்தின் காரம் கந்தகத்தால் வருவது. மண்ணிலிருந்து உறிஞ்சிய கந்தகத்தைக் கொண்டு செடி உருவாக்கும் சேர்மமும் ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தி பட்டதும் இரண்டும் கலந்து கண்ணைக் கரிக்கின்றன. இனிப்பு வெங்காயத்தில் சர்க்கரை அதிகம் என்று நினைப்பது தவறு. கார வெங்காயத்திலும் சர்க்கரைக்குக் குறைவில்லை, காரம் அதை மறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் விடாலியா வெங்காயம் இனிப்புக்குப் பேர் வாங்கியதற்கு, அது விளையும் கந்தகம் குறைந்த மண்ணே முக்கியக் காரணம்.

வெங்காயம் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் கிழங்கு கட்டும். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். ஹாலந்து வெங்காயத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் வாங்கிய ஹாலந்து வெங்காயத்தின் வேர்ப்பக்கத்தை நட்டால் தாள்தான் வரும், கிழங்கு வராது. இந்தியப் பெரிய வெங்காயம் கிழங்கு கட்டும். ஆனால் இங்குள்ள வெப்பத்தில் அவசரப்பட்டுச் சிறுத்துப்போகும். வீட்டுக்கு ஏற்றது சின்ன வெங்காயமே. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தபோது, இறக்குமதியை நம்பியிருக்கும் மலேசியாவுக்கு உள்ளூர் வெங்காயத்தின் அருமை புரிந்தது. மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டியும் தாழ்நிலத்துக்கென மூன்று சின்ன வெங்காய ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி பால்கனியில் ஒரு சாண் ஆழத் தொட்டி போதும். மணல் கலந்த மண்ணில், நுனி வெளியே தெரியும்படி நான்கு விரல் இடைவெளியில் சின்ன வெங்காயங்களை ஊன்ற வேண்டும். வெயில் நன்றாகப் படவேண்டும். மாலை மழை நேராக விழக்கூடாது, தேங்கினால் அழுகிவிடும். வளரும்போதே காரம் குறைய இரண்டு வழி: அம்மோனியம் சல்பேட் உரத்தைத் தவிர்ப்பது, மண் காயாமல் தண்ணீர் விடுவது. தாகத்தில் வளர்ந்த வெங்காயம் காரமாகத்தான் இருக்கும். சுமார் இரண்டு மாதத்தில் தாள் பழுத்துச் சாயும்போது பிடுங்கலாம்.

வாழை இலைச் சாப்பாட்டுக்கான தயிர்ப் பச்சடிக்கு, மெல்லிசாக அரிந்து பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்தால் மிச்சக் காரமும் போகும். குழம்புக்கு அரியவே கூடாது. முழு வெங்காயத்தை நல்லெண்ணெயில் சிறு தீயில் வதக்கும்போது, நொதி கலப்பதற்கு முன்பே சூட்டில் செயலிழக்கிறது. உள்ளே இருப்பது இனிப்பாகவே வேகிறது. வத்தக்குழம்பில் கடிபடும் வெங்காயம் தித்திப்பது இதனால்தான்.

காரம் குறைந்த வெங்காயம் நாள்பட நிற்காது. பிடுங்கியதைக் காற்றாடக் கட்டித் தொங்கவிட்டு, சில வாரங்களுக்குள் சமைத்துவிட வேண்டும்.