நஞ்சு முறிந்த பின்னும் நான்கு நாட் கவனம்

கிருமிநாசினி உடலிற் சென்று வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டவர் மறுநாள் கண்விழித்துப் பேசுகின்றார். வியர்வையும் வாய்நுரையும் நின்றுவிட்டன. “இனிப் பயமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவம்” என்று உறவினர் எண்ணுவது இயல்பே. ஆனால் சிலருக்கு ஆபத்து அதன் பின்னரே வருகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் இதை முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். கடல் கடந்து வீடு சேர்ந்தபின் மூச்சுத் திணறினால், மீண்டும் படகேறிக் குறிகட்டுவான் வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

பேராதனையில் கண்டது

பேராதனை வைத்தியர்களான நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987இல் இத்தகைய 10 நோயாளரைப் பற்றி எழுதினர். நஞ்சு உட்சென்று 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் அவர்களின் கழுத்து, தோள், தொடை, சுவாசத் தசைகள் சோர்ந்தன. நால்வருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. சோர்வு 18 நாட்கள் வரை நீடித்தது.

உடலில் நடப்பது என்ன?

நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்னும் பொருள் சுரந்து தசையைச் சேர்கின்றது. அங்கே படலை போன்ற நுண்வாயில்கள் திறக்கின்றன. சோடியம் அயன்கள் உள்ளே பாய, தசை சுருங்குகின்றது. உடனே ஒரு நொதியம் அசற்றைல்கோலினைச் சிதைக்க, படலை மூடுகின்றது. ஓகனோபொஸ்பேற் வகைக் கிருமிநாசினிகள் இந்த நொதியத்தை முடக்குகின்றன. அசற்றைல்கோலின் தேங்கிப் படலையை ஓயாது தட்டுகின்றது. முதலில் தசை துடிக்கும். பின்னர் வாயில்கள் மரத்துப்போய்த் திறவா, தசை சோர்ந்துவிடும்.

அற்றோபின் ஊசி வியர்வை, உமிழ்நீர், நெஞ்சுச் சளி ஆகியவற்றை அடக்கும். தசைச் சோர்வை மாற்றாது. நொதியம் மீளும்வரை இயந்திரமே மூச்சுக் கொடுக்க வேண்டும். இதே நொதியத்தைத் தடுக்கும் நியோஸ்டிக்மின், அளவறிந்து கொடுக்கும்போது சில தசைச்சோர்வு நோய்களுக்கு மருந்தாகின்றது. அளவு மீறினால் அதுவும் நஞ்சே.

நாம் செய்யவேண்டியவை

நஞ்சு பட்ட உடையைக் களைந்து, சவர்க்காரமிட்டு நீரால் உடலைக் கழுவுங்கள். கழுவுபவர் தம் கையிலும் நஞ்சு படாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். வாந்தியெடுக்கச் செய்யவேண்டாம். மயங்கியவரைப் பக்கவாட்டிற் கிடத்தி, விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். போத்தலின் பெயர்ச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

வைத்தியர் அனுப்பும்வரை வீடு திரும்ப அவசரப்படவேண்டாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமை முதல் அறிகுறிகளுள் ஒன்று. அதைக் கண்டால், நள்ளிரவானாலும் தாதியை அழையுங்கள்.

மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவை இலங்கையில் 1995இல் தடை செய்யப்பட்டன. ஆயினும் இந்நொதியத்தைத் தடுக்கும் கிருமிநாசினிகள் வேறும் பல உள. இடம்பெயர்ந்து ஒற்றை அறைக் கொட்டிலில் வாழ்வோர் மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவேண்டாம். பூட்டிய பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மனமுடைந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அதை வீட்டிலேயே வைக்காதிருப்பது நல்லது. அவரோடு ஆறுதலாகப் பேசுங்கள்.